முரடும் சாதுவும்

பெரம்பலூரிலிருந்து அரியலூரை 2001-ல் பிரித்தார்கள், 2002-ல் சேர்த்தார்கள், 2007-ல் மறுபடி பிரித்தார்கள். கல் விஷயத்தில் இந்தப் பாகப்பிரிவினை எப்பவோ முடிந்துவிட்டது, சார்!

பெரம்பலூர் மேற்கே கருங்கல். பூமியின் அடிவயிற்றுச் சூட்டில் வெந்து இறுகிய முரடு. அரியலூரில் சுண்ணாம்புக்கல். கோடிக்கணக்கான வருஷம் முன்பு அங்கிருந்த கடலில் சேறும் சிப்பியும் படிந்து உருவான சாது. பொடி பண்ணி எலுமிச்சை பிழிந்தால் நுரைத்துவிடும். முரடு அசையாது. ஆனால் கதை சொல்வது சாதுதான்: மடி நிறைய நத்தை, சுறாப் பல்! முரட்டிடம் ஒரு சிப்பி கிடையாது.

முரடு ஜல்லியாகி, சாது சிமென்ட்டாகி, என் லோன் வீட்டில் சேர்ந்து குடித்தனம் நடத்துகின்றன. ஜல்லியை உடைத்தாலும் கல்தான். சிப்பி சூளைக்குள் போனால் போச்சு. தப்பியவை வாரணவாசி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. உங்கள் கிரகப்பிரவேசத்துக்கு முன் ஒரு எட்டு பார்த்துவிடுங்கள்!