துப்பாக்கியின் மேல் ஓர் அந்நியக் கை

மாலை ஆறு மணிக்குச் சற்று முன்பு, பெங்களூரு அல்சூர் கடைவீதியில் ஓர் ஏ.டி.எம். வாசலில் பண வேன் வந்து நின்றது. பணப்பெட்டியுடன் இருவர் உள்ளே சென்றனர். ஒரு காவலர் கதவை ஒட்டி நின்றார். மற்றொருவர் வேனின் பின்கதவுக்கும் நடைபாதைக்கும் இடையிலிருந்த சிறிய இடத்தில் நின்றுகொண்டார். ஐம்பதைக் கடந்தவர், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். தோளில் இரட்டைக் குழல் துப்பாக்கி, இடுப்பு வாரில் தோட்டாக்கள்.

எதிரிலிருந்த தேநீர்க் கடையிலிருந்து மூன்று இளைஞர்கள் வந்தனர். ஒருவன் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தான். இன்னொருவன் சிரித்துக்கொண்டே காவலரின் முதுகுப்புறமாக வந்து, துப்பாக்கிக் குழலின் மேல் உள்ளங்கையை வைத்தான். படம் எடுப்பதற்காகத்தான். "அங்கிள், லோட் ஆகிதியா?" என்று கன்னடத்தில் கேட்டான்.

அடுத்த இரண்டு நொடிகளில் அவருடைய உடல் செய்தவற்றை வரிசையாகச் சொல்லலாம். வலக்கை துப்பாக்கியின் அடிக்கட்டையை விலாவோடு சேர்த்து அழுத்திக்கொண்டது. விரல் விசையின் அருகே செல்லவில்லை. குழல் வானத்தை நோக்கியே இருந்தது. இடக்காலை ஊன்றி அரைவட்டமாகத் திரும்பினார். துப்பாக்கி இளைஞனிடமிருந்து விலகி வேனின் பக்கம் போயிற்று, இளைஞனுக்கு எதிரே அவருடைய இடத்தோளும் விரித்த இடக்கையும் மட்டுமே எஞ்சின. அவனை அவர் தள்ளவில்லை. துப்பாக்கியைப் பிடுங்கி இழுக்கவும் இல்லை. பிறகு, தெருவுக்கே கேட்கும் குரலில், "கை தெகீரி. தூர நில்ரி" என்றார்.

கையை எடுங்கள், தள்ளி நில்லுங்கள். தம் மகன் வயதுள்ள ஒருவனிடம், தம் ஆயுதத்தைத் தொட்ட ஒருவனிடம், அவர் பயன்படுத்தியது மரியாதைப் பன்மை.

இழுக்காமல் திரும்பியதற்குக் காரணம் உண்டு. இரண்டு பேர் ஒரு துப்பாக்கியை இழுக்கும்போது குழல் எங்கே பார்க்கும் என்பதை இருவராலும் தீர்மானிக்க முடியாது. பன்னிரண்டு போர் தோட்டாவுக்குள் இருக்கும் ரவைகள் வெளியே வந்ததும் பரவக்கூடியவை. கடைவீதியில் அவற்றின் பாதையில் பூக்காரம்மாவும் இருப்பார், பள்ளி விட்டு வரும் பிள்ளையும் இருக்கும். குரலை உயர்த்தியதற்கும் காரணம் உண்டு. கதவருகே நின்ற தோழருக்கு அது எச்சரிக்கை. சுற்றி நின்றவர்களுக்கு அது சாட்சியம். பின்னாளில் யாராவது கேட்டால், காவலர் முதலில் வாயால் சொன்னார் என்பதைத் தெரு சொல்லும்.

அப்படிக் கேட்கப்படும் நாளைப் பற்றிய நினைவு இல்லாமல் இந்த வேலையில் நிற்க இயலாது. பண வேன்களுக்கென மத்திய உள்துறை 2018இல் வகுத்த விதிகள், ஓட்டுநரோடு ஆயுதம் தாங்கிய காவலர் இருவரும் பண அலுவலர் இருவரும் இருக்க வேண்டும் என்கின்றன. அந்த ஆயுதம் பெரும்பாலும் நிறுவனத்தின் சொத்தாக இருப்பதில்லை. உரிமமும் துப்பாக்கியும் சொந்தமாக உள்ளவரைத் தேடி வேலைக்கு எடுப்பது இத்தொழிலில் நெடுநாள் வழக்கம். இவர் தோளில் தொங்குவதும் இவருடைய சேமிப்பில் வாங்கியதே. அது பறிபோனால் வேலை போகும், உரிமம் போகும், அந்தத் துப்பாக்கியால் வேறெங்கோ ஓர் உயிர் போனால் அந்தப் பழியும் இவரைத் தேடி வரும்.

மறுபுறம், மிரட்டுவதற்காக அதை உருவிக் காட்டினாலும் உரிமத்துக்கு ஆபத்துதான். பொதுவிடத்தில் துப்பாக்கியைச் சுழற்றிக் காட்டுவதை 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் தடை செய்கின்றன. 2019இல் திருத்தப்பட்ட ஆயுதச் சட்டம், பிறர் உயிருக்கு ஆபத்து விளையும்படி அசட்டையாகச் சுடுபவருக்கு இரண்டாண்டு வரை சிறையோ, ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. தற்காப்புரிமை பாரதிய நியாய சன்ஹிதையிலும் தொடர்கிறது. கொள்ளையைத் தடுக்கும்போது அது உயிரைப் பறிக்கும் அளவுக்கும் நீளலாம். ஆனால் தேவைக்கு மேற்பட்ட தீங்கு கூடாது என்ற வரம்பும் அதனோடு கூடவே வருகிறது. முதுகுக்குப் பின்னாலிருந்து நீளும் கை கொள்ளையனுடையதா, விளையாட்டுப் பையனுடையதா என்று முடிவெடுக்கக் காவலருக்குக் கிடைப்பது இரண்டு நொடி. அதே கேள்வியை நீதிமன்றம் ஆற அமர, ஆண்டுக்கணக்கில் ஆராயும்.

இதே 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இன்னொரு பிரிவும் சேர்ந்தது. காவல்துறையினரிடமிருந்தோ ஆயுதப்படையினரிடமிருந்தோ வலுக்கட்டாயமாகத் துப்பாக்கியைப் பறிப்பவருக்குக் குறைந்தது பத்தாண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை. தனியார் காவலரை அந்தப் பிரிவு குறிப்பிடவில்லை. இந்த மனிதர் சீருடையில் இருந்தபோது அவர் கையிலிருந்த துப்பாக்கி சட்டத்தின் பார்வையில் ஒரு தனி வேலிக்குள் இருந்திருக்கும். ஓய்வு பெற்று வேறு சீருடைக்கு மாறியபின் அந்த வேலி இல்லை. கடைவீதி இளைஞனுக்குச் சட்டப்பிரிவு தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆயினும் போலீஸ்காரரின் துப்பாக்கியை அவன் தொட்டிருக்க மாட்டான். தொடக்கூடியது எது, கூடாதது எது என்பதை நகரம் அவனுக்கு எப்போதோ கற்பித்துவிட்டது. ஏ.டி.எம். காவலரும் அடுக்குமாடி வாயிற்காவலரும் அவன் கண்ணில் பொருள்களின் வரிசையில் வருகிறவர்கள். அவன் துப்பாக்கியைப் பார்த்தான். அதைச் சுமந்து நின்றவரைப் பார்க்கவில்லை.

அவர் பணியாற்றியது, அல்சூர் ஏரிக்கரையில் தலைமையிடம் கொண்ட மதராஸ் பொறியாளர் படைப்பிரிவில். 1780இல் தோன்றிய அந்தப் பிரிவின் வீரர்களை ராணுவம் செல்லமாகத் 'தம்பி' என்றே அழைக்கும். இருபது ஆண்டுகள் தம்பியாக இருந்தவர், ஏரியிலிருந்து நடந்துபோகும் தொலைவில் இப்போது 'அங்கிள்'. தனியார் காவலருக்கான மாதிரி விதிகள் புதியவருக்கு 100 மணிநேர வகுப்பையும் 60 மணிநேரக் களப்பயிற்சியையும் கேட்கின்றன. முன்னாள் ராணுவத்தினருக்கு 40ம் 16ம் போதும். ஆயுதம் அறிந்தவர் என்ற நம்பிக்கைதான் காரணம். ஆனால் ராணுவம் அவருக்குக் கற்பித்தது எதிரியை. எதிரியல்லாத ஒருவன் சிரித்துக்கொண்டே துப்பாக்கியைத் தொடும்போது செய்ய வேண்டியதை அவர் தெருவிலேதான் கற்றார்.

தெரு கற்பிக்கும் பாடத்தில் குரலுக்குள்ள இடம் பெரிது என்பதை இந்நகரமே அண்மையில் கண்டது. 2025 நவம்பர் 19 அன்று, பட்டப்பகலில், பெங்களூருவில் ஒரு பண வேனை மறித்தவர்கள் தங்களை ரிசர்வ் வங்கி அதிகாரிகள் என்று சொல்லிக்கொண்டனர். ஏறத்தாழ ஏழு கோடி ரூபாய் டெய்ரி சர்க்கிள் அருகே கைமாறிப் போயிற்று. பின்னர்க் கைதானவர்களில் ஒரு போலீஸ்காரரும், பண நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் ஒருவரும் இருந்தனர். அதிகாரத்தின் குரலில் பேசினால் போதுமானதாக இருந்தது. மேலிருந்து வரும் குரலுக்குப் பணிவதற்கே பழக்கப்படுத்தப்பட்ட ஒருவரிடம் துப்பாக்கியைக் கொடுத்து நிறுத்தினால், அது அவருக்குக் காவலாகிவிடாது. 'தள்ளி நில்லுங்கள்' என்று எவரிடமும் சொல்லும் உரிமை தமக்கு உண்டு என்று அவர் நம்ப வேண்டும். தெருவும் நம்ப வேண்டும்.

இங்கிருந்து சுமார் 250 கிலோமீட்டர் மேற்கே, இதே மாநிலத்தில், துப்பாக்கியைத் தெரு வேறு விதமாக அறிந்திருக்கிறது. குடகில் கொடவர்களுக்கு ஆங்கிலேயர் காலத்திலிருந்தே ஆயுத உரிம விலக்கு உண்டு. மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்திருக்கிறது, கர்நாடக உயர்நீதிமன்றமும் 2021இல் அது செல்லும் என்றது. செப்டம்பர்த் தொடக்கத்தில் வரும் கைல்போழ்து விழாவில் வீட்டுத் துப்பாக்கிகளைத் துடைத்து, வரிசையாக வைத்து, 'தோக் பூ' சூட்டி வணங்குவார்கள். துப்பாக்கிப் பூ என்று பொருள். நமக்கு அது செங்காந்தள். அங்கே துப்பாக்கி ஒரு குடும்பத்தின் பெயரோடு இருக்கிறது. ஆளை அறியாமல் ஆயுதத்தை அணுக முடியாது.

ஔவை தொண்டைமானின் ஆயுதச்சாலையில் கண்டவை மாலை சூட்டி நெய் பூசிய படைக்கலங்கள். அதியமானுடையவையோ போரில் நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடந்தவை. பண வேன் காவலரின் துப்பாக்கி இவ்விரண்டிலும் சேராது. பூசை ஆயுதபூஜை ஒருநாள்; சுடுவதற்கோ, நல்வினை இருந்தால், வாழ்நாளில் ஒருமுறையும் தேவை வராது. சுமப்பதே அதன் முழுப் பயன். அதனால் அதைச் சுமக்கும் மனிதரின் பொறுமைதான் தெருவுக்கு உண்மையான பாதுகாப்பு. அதற்கென்று ஊதியத்தில் தனிப்படி கிடையாது.

அன்று அந்த இளைஞன் கையை எடுத்தான். கைப்பேசி பிடித்திருந்தவன் அதைத் தாழ்த்தினான். "சாரி அங்கிள்" என்று ஒருவன் சொன்னான். காவலர் தலையை மட்டும் அசைத்தார். அவர்கள் தெருமுனை திரும்பும்வரை விரித்த இடக்கையை மடக்கவில்லை. பணம் நிரப்பி முடிந்ததும் வேன் புறப்பட்டது. தோழர் என்ன ஏதென்று கேட்டதற்கு, "சின்னப் பசங்க" என்றார்.

இரவு வீட்டில் தோட்டாக்களைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, எண்ணெய்த் துணியால் குழலைத் துடைத்தார். வியர்வைக் கை பட்ட இடத்தைத் துடைக்காமல் விட்டால் இரும்பு அங்கேதான் முதலில் துரு பிடிக்கும். உள்ளங்கைத் தடம் மறைந்த பிறகும் அந்த இடத்தை அவர் இன்னும் ஒருமுறை துடைத்தார்.