மோடத்துக்கு அப்பால்

சேலையூரில் ஒரு மாடி வீடு. கீழே ஹாலில் ஃபைபர் மோடம், அதை ஒட்டி ரவுட்டராகவும் வேலை செய்யும் மெஷ் வைஃபையின் முதல் நோட், மாடி அறையில் இன்னொரு நோட். ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு 280 காட்டுகிறது. ஆனாலும் மாடியில் அலுவலக மீட்டிங்கில் பேசும் அம்மாவின் குரல் பாதிச் சொல்லில் அறுந்துபோகிறது. மகன் விளையாட்டில் குறிபார்த்துச் சுடும்போது எதிராளி வேறிடத்தில் நிற்கிறான். "லாக் அடிக்குது" என்று புகார் போயிற்று. இணைய நிறுவனத்திலிருந்து வந்த பையன் மோடத்தில் ஒளியின் அளவை மீட்டர் வைத்துப் பார்த்தார்: மைனஸ் 19 டிபிஎம். வீடுகளுக்கு வரும் ஃபைபர் பொதுவாக மைனஸ் 27 வரை தாங்கும். லைன் சுத்தம் என்று சொல்லிப் புகாரை முடித்துவிட்டுப் போனார்.

அவர் மேல் குற்றமில்லை. நிறுவனத்தின் பொறுப்பு மோடத்தோடு முடிகிறது. மெஷ் பெட்டியை விற்றவரின் பொறுப்பு அட்டைப்பெட்டியைக் கொடுத்ததோடு முடிகிறது. இரண்டுக்கும் நடுவே, வீட்டுக்குள் இருக்கும் காற்றுக்கு ஆள் இல்லை. அந்த இடைவெளியில் பிழைப்பு நடத்தும் சிலர் சென்னையின் தென்பகுதியில் இருக்கிறார்கள். அப்படி ஒருவருடனும் அவருடைய உதவியாளருடனும் நான் போனபோது பார்த்த வீடு இது. மூத்தவர் ஒரு காலத்தில் பிரவுசிங் சென்டர்களுக்கு லேன் கேபிள் இழுத்தவர். உதவியாளர் முன்பு இணைய நிறுவனத்துக்காகப் புகார் முடித்துக்கொண்டிருந்தவர். "அங்க எத்தனை டிக்கெட் க்ளோஸ் பண்ணோம்கிறதுதான் கணக்கு சார், உட்கார்ந்து தேட நேரம் கிடையாது" என்றார்.

மூத்தவர் ஸ்பீட் டெஸ்ட் பக்கமே போகவில்லை. பல விநாடிகள் தரவை இழுத்துச் சராசரி சொல்லும் சோதனை அது. நடுவில் அரை விநாடி எல்லாம் நின்றிருந்தால்கூட எண்ணில் தெரியாது. லேப்டாப்பில் இரண்டு சன்னல்களைத் திறந்து இரண்டிலும் நிறுத்தாமல் பிங் ஓடவிட்டார். ஒன்று வீட்டு ரவுட்டருக்கு, மற்றது வெளியே 8.8.8.8 என்ற முகவரிக்கு. பிங் என்பது 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதிய சிறு நிரல். ஒரு பாக்கெட்டை அனுப்பி, பதில் வர எத்தனை மில்லி விநாடி ஆனது என்று சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை.

இரண்டு சன்னல்கள் எதற்கு? ரவுட்டருக்கான பிங்கே துள்ளினால் கோளாறு வீட்டுக்குள். அது அமைதியாக இருந்து வெளியே போவது மட்டும் துள்ளினால் கோளாறு லைனில், அல்லது லைனுக்குள் நுழையும் வாசலில்.

முதலில் கேபிள் செருகிப் பார்த்தார்கள்: ரவுட்டர் 1, வெளியே 6. கேபிளைப் பிடுங்கிவிட்டு மாடிக்குப் போனதும் ரவுட்டருக்கான பிங் 4, 5, 380, 6 என்று குதித்தது. "நெட் இன்னும் தெருவுக்கே போகலை, வீட்டுக்குள்ளயே மூச்சு வாங்குது பாருங்க மேடம்" என்றார் மூத்தவர்.

மாடி நோட் இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்தது. கீழ் நோட்டிலிருந்து அதற்கு வந்த சிக்னல் மைனஸ் 79 டிபிஎம். உதவியாளர் அதைத் தூக்கி மாடிப்படித் திருப்பத்தில் வைத்ததும் மைனஸ் 58 ஆயிற்று. 3 டெசிபல் கூடினாலே சக்தி இரட்டிப்பாகும். 21 டெசிபல் என்றால் நூறு மடங்குக்கும் மேல். வீட்டுக்காரர்கள் சிக்னல் குறையும் இடத்தில் நோட்டை வைக்கிறார்கள். சிக்னல் நன்றாக இருக்கும் கடைசி இடத்தில்தான் வைக்க வேண்டும். தனக்கே சரியாகக் கேட்காததை அது பிறருக்கு எப்படிச் சொல்லும்?

அப்போதும் துள்ளல் குறைந்ததே தவிர நிற்கவில்லை. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பது வைஃபையின் விதி. இந்த வீட்டு மெஷ்ஷில் மாடி நோட், போனுடன் பேசவும் கீழ் நோட்டுடன் பேசவும் ஒரே 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவைத்தான் பயன்படுத்துகிறது. ஒவ்வொரு பாக்கெட்டும் காற்றில் இரண்டு முறை போவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிறது, காத்திருப்பு கூடுகிறது.

துள்ளல் எந்தத் தாளத்தில் வருகிறது என்பதை மூத்தவர் கவனித்துக்கொண்டே இருந்தார். கடிகாரம் வைத்தாற்போல வந்தால் ரவுட்டரை விட்டுவிட்டு லேப்டாப்பைச் சந்தேகிப்பார். அக்கம்பக்கத்து வைஃபைகளைத் தேடுவதற்காக அதன் ரேடியோ அடிக்கடி வேறு சேனலுக்குப் போய்வரும். ஒரு நிமிடம் போல மொத்தமாகவே அறுந்து திரும்பினால் சேனல் எண்ணைப் பார்ப்பார். 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையான சேனல்களை ரேடார்களோடு பகிர வேண்டியிருக்கிறது. ரேடார் போன்ற துடிப்பு கேட்டால் ரவுட்டர் 10 விநாடிக்குள் இடத்தைக் காலிசெய்ய வேண்டும். அதே வரிசையில் புதிய சேனலுக்குப் போவதற்குமுன் குறைந்தது 60 விநாடி காது கொடுத்துக் கேட்க வேண்டும். அதனால் அவர் 36 முதல் 48 வரை, இல்லாவிட்டால் 149க்கு மேல் என்று சேனலைக் கையால் நிறுத்திவிடுவார்.

இரவில் மட்டும் வருவது வேறு கதை. போன்கள் அன்றைய படங்களை மேகக் கணினிக்கு ஏற்றும் நேரம் அது. மோடம் அனுப்ப முடியாததையெல்லாம் தன் நினைவகத்தில் அடுக்கிவைக்கிறது. மூட்டை மூட்டையாகச் சரக்கு எடுப்பவர் பின்னால் ஒரு தீப்பெட்டி வாங்க வந்தவர் நிற்பதுபோல, விளையாட்டின் குட்டிப் பாக்கெட் காத்துக்கிடக்கிறது. 2010இல் ஜிம் கெட்டிஸ் தன் வீட்டு இணைப்பிலேயே இதைக் கண்டு 'பஃபர்பிளோட்' என்று பெயரிட்டார். 2012இல் கேத்லீன் நிகோல்ஸும் வான் ஜேகப்சனும் 'கோடெல்' என்ற தீர்வை வெளியிட்டார்கள்: வரிசையின் நீளத்தைப் பார்க்காமல், பாக்கெட் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார்த்து வரிசையைக் குறைப்பது. உதவியாளர் வேண்டுமென்றே பெரிய வீடியோ ஒன்றை ஏற்றினார். வெளியே போகும் பிங் 6இலிருந்து 300ஐத் தாண்டியது. ரவுட்டரில் அந்த வசதியை இயக்கி, அப்லோடை உண்மை வேகத்தில் 90 சதவீதத்துக்குக் கட்டியதும் 20க்குள் அடங்கிற்று.

மிச்சத்தைக் கேபிள்தான் தீர்த்தது. சுவருக்குள் இருந்த பழைய டிவி பைப் வழியாகக் கேட் 6 கேபிளை இழுத்தார்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவு வகையை மூத்தவர் தொடுவதில்லை. பிளேடால் சுரண்டி உள்ளே நிறம் பார்த்த பிறகே வாங்குகிறார். வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம் என்று எட்டுக் கம்பிகளையும் வரிசைப்படுத்திக் கிரிம்ப் செய்தார் உதவியாளர். இணைத்தபோது 100 எம்பிபிஎஸ் மட்டும் காட்டியது. "கம்பி ஒண்ணு உட்காரலைடா." அந்த வேகத்துக்கு நான்கு கம்பி போதும், 1000க்கு எட்டும் வேண்டும். நுனியை வெட்டி மறுபடி அடித்ததும் 1000 வந்தது.

சேனல் எண், அப்லோடு வரம்பு, எந்தக் கேபிள் எந்தப் போர்ட் எல்லாவற்றையும் மூத்தவர் ஒரு தாளில் எழுதி மோடத்துக்குமேல் ஒட்டினார். அடுத்த முறை புகாருக்கு வருபவர் ரீசெட் பட்டனைத்தான் முதலில் அழுத்துவாராம். "அழுத்தட்டும் மேடம். அழுத்தினப்புறம் இதைப் பார்த்துத் திரும்பப் போடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, கிரிம்பிங் டூலைப் பையில் போட்டுக்கொண்டு மேடவாக்கத்தில் அடுத்த வீட்டுக்குக் கிளம்பினார்.