நீரில் நெருப்பைத் தேடுவோர்

தண்ணீர் என்பது எரிந்து முடிந்த ஹைட்ரஜன். அடுப்புச் சாம்பலை ஒத்தது. 18 கிராம் நீரைப் பகுக்க ஏறத்தாழ 286 கிலோஜூல் ஆற்றல் செலவாகும். பகுத்தவை மீண்டும் கூடுங்கால் அதனினும் மிகுதியாகக் கிடைப்பதில்லை. எரிபொருள் மின்கலம் மெய்யானதே. அப்பல்லோ விண்கலங்களில் அது மின்சாரமும் குடிநீரும் தந்தது. ஆயினும் அதற்குரிய ஹைட்ரஜன் புவியிலிருந்தே சென்றது.

தண்ணீரால் கார் ஓட்டுவதாக அமெரிக்கர் ஸ்டான்லி மேயர் கூறிவந்தார். 1996இல் ஓகையோ நீதிமன்றம் அதனை மோசடியெனக் கண்டு, முதலீட்டாளர் இருவருக்கும் 25,000 டாலரைத் திருப்பித் தரப் பணித்தது.

மகள் மணத்திற்குச் சேர்த்த பொருளை இத்தகைய பொறியொன்றில் இடலாமா என உறவினர் ஒருவர் நம்மை வினவினார். “நீரைப் பிரிக்கும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கேளுங்கள், காக்கா” என்றோம். கேட்டார், விடை வரவில்லை, பணம் பிழைத்தது. மாணவச் செல்வங்களே, தமிழ் பயில்வோர்க்கும் அவ்வொரு வினா போதும்.