அடித்தளம் ஒன்றே



அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில், பரளச்சியைச் சுற்றியுள்ள கரிசல் பூமியில் வீடு கட்டுவோர் ஓர் உண்மையை நன்கறிவர். கரிசல் மண் மழையில் ஊதும். கோடையில் பிளந்து வாய் திறக்கும். மேல்மண்ணை நம்பி எழுப்பிய சுவர், எத்துணை அழகாகப் பூசப்பட்டிருப்பினும், சில ஆண்டுகளில் வெடிப்புக் காணும். ஆகவே அனுபவமுள்ள கொத்தனார், கெட்டித் தரை தட்டும்வரை வானம் தோண்டச் சொல்வார். அதற்குச் செலவாகும் பணம் கண்ணுக்குத் தெரியாது. எனினும் வீடு நிற்பது அதன்மேல்தான்.

விசுவாச வாழ்வுக்கும் இதுவே நியதி. அடித்தளம் ஏற்கெனவே இடப்பட்டாயிற்று, அது இயேசு கிறிஸ்துவே என்று புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு நினைவூட்டினார்.

இவ்வுண்மையை நம் தமிழ் மண்ணில் செயலில் காட்டியவர் புனித சவேரியார். 1542-ஆம் ஆண்டில் அவர் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது, சில ஆண்டுகளுக்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றிருந்த மக்கள், தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் எதுவும் அறியாதிருந்தனர். சவேரியார் இருமொழி அறிந்தோரைத் துணைக்கொண்டு சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், கற்பனைகள், பரலோக மந்திரம், அருள்நிறை மந்திரம் முதலியவற்றைத் தமிழாக்கி, தாமே மனப்பாடம் செய்தார். கையில் மணியேந்தித் தெருத்தெருவாய்ச் சென்று சிறுவரைக் கூட்டினார். நாள்தோறும் இருமுறை கற்பித்து, கற்றதைப் பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லித் தருமாறு பணித்தார். மற்றெல்லாச் செபங்களையும்விட விசுவாசப் பிரமாணத்தையே அடிக்கடி சொல்லச் செய்தார் என்பதை 1544 சனவரியில் அவர் எழுதிய மடலால் அறிகிறோம்.

இன்று நம் இல்லங்களில் நிகழ்வதென்ன? செபப் புத்தகங்கள் பெருகியுள்ளன, நவநாள்கள் பெருகியுள்ளன. அன்று அஞ்சலட்டையில் வந்த சங்கிலிக் கடிதம் இன்று கைப்பேசியில் வருகிறது. ‘பன்னிருவருக்கு அனுப்பாவிடில் தீங்கு நேரும்’ என்ற மிரட்டலுக்கு அஞ்சி, படித்த பிள்ளைகளே அதனைப் பரப்புகின்றனர். பிள்ளைகளை அன்பு செய்யும் தந்தை இப்படி மிரட்டுவாரா என்று ஒரு கணம் சிந்திப்பதில்லை. திருமணத் தயாரிப்புக்கு வரும் இளைஞர் பலர் விசுவாசப் பிரமாணத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு நம் முகத்தைப் பார்க்கின்றனர்.

பக்தி முயற்சிகள் வேண்டாம் என்கிறோமில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம் அவற்றைப் பரிந்துரைக்கிறது. அதேவேளை, அவை மக்களைத் திருவழிபாட்டுக்கு இட்டுச்செல்ல வேண்டும் என்றும் வரையறுக்கிறது. கிளைகள் வேரை மறத்தலாகாது.

எழுத்தறியாத மூதாட்டி ஒருவருக்கு அவஸ்தைப்பூசுதல் அளிக்கச் சென்றிருந்தோம். மானாவாரிக் காட்டில் பருத்தி எடுத்துப் பிள்ளைகளை வளர்த்தவர். தலைமகனை வாலிபத்திலேயே பறிகொடுத்தவர். “இத்தனை துன்பத்தையும் எப்படித் தாங்கினீர்கள், அம்மா?” என்று வினவினோம்.

“செத்தவங்க எந்திரிப்பாங்கன்னு தினமும் சொல்றோமே, சாமி! பொய்யாயிருந்தா எதுக்குச் சொல்லணும்?” என்றார்.

இறையியற் பள்ளியில் நாம் பல ஆண்டுகள் பயின்றது இதற்கு மேல் ஒன்றுமில்லை. அவர் வானம் தோண்டியவர். கெட்டித் தரையைத் தொட்டவர்.

எளிமை என்பது எளிதென்று பொருள்படாது. பரலோக மந்திரம் கடவுளை எனக்கு மட்டும் உரிய தந்தையாக அன்று, நம் அனைவருக்கும் பொதுவான தந்தையாக அழைக்கிறது. அதனைச் சொன்ன வாயால் சாதி பேசுவதெங்ஙனம்? அடுத்த தெருவாரோடு ஒரே பந்தியில் அமரத் தயங்குவதெங்ஙனம்? ஆயிரம் நவநாள்கள் செய்வதினும் அந்த ஒரு சொல்லுக்கு உண்மையாயிருத்தல் கடினம்.

நிசேயா பொதுச்சங்கம் 325-இல் கூடி நம் விசுவாசத்தை அறிக்கையிட்டு, 2025-இல் 1700 ஆண்டுகள் நிறைவுற்றன. அந்த விசுவாசத்தைக் காப்பதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. இரவு உணவுக்குமுன் தொலைக்காட்சியை நிறுத்துங்கள். குடும்பமாய் முழந்தாளிட்டு விசுவாசப் பிரமாணத்தை நிதானமாகச் சொல்லுங்கள். வாரம் ஒரு பிரிவை எடுத்து, அதன் பொருளைப் பிள்ளைகளோடு பேசுங்கள். தாத்தா, பாட்டி இருப்பின் அவர்களே முதற்கண் பேசட்டும்.