ஹெரால்டும் ஒரு இருமலும்

பழைய கார் வச்சிருக்கேன்னு தெரிஞ்சதும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "எவ்வளவு சார் செலவாச்சு?"

அந்தக் கணக்கு வீட்டம்மாவுக்குத் தெரியாம இருக்கிறதே எனக்கு நல்லது. நான் சொல்ல வந்தது வேற கணக்கு.

என்னோடது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டை 1961லிருந்து சென்னை வண்டலூர் பக்கம் தயாரிச்சாங்க. 948 சிசி இன்ஜின். வடிவமைச்சவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. இதே ஹெரால்டின் சேசிஸைக் குறுக்கித்தான் 1962ல் ஸ்பிட்ஃபயர் என்கிற ஸ்போர்ட்ஸ் கார் வந்துச்சு. அதாவது பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்குப் பங்காளி ஒண்ணு நம்ம ஊர்லயே பொறந்திருக்கு!

பானெட்டைத் தூக்கினா ரெண்டு பக்க மட்கார்டும் சேர்ந்து முன்னாடி சாயும். மெக்கானிக் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். பாடி துண்டு துண்டா போல்ட் போட்டு மாட்டினது, அதனால மழை பெய்தா உள்ளேயும் பெய்யும். எட்டு வருஷமா இதோட வாழ்றேன்.

சீட்டு ரெக்சின். "ஆம்பூர்ல இருந்துக்கிட்டு ரெக்சினா?"ன்னு கேலி பண்ணாத ஆள் இல்ல. தோல் பதனிடும் குரோமியம் ஒத்துக்காம கை வெடிச்சு வர்றவங்களை ஓ.பி.யில் பார்க்கிறவன் நான். சீட்டைப் பொறுத்தவரை ரெக்சினே போதும்.

விஷயத்துக்கு வர்றேன்.

டிங்கரிங் முடிஞ்சு பட்டி பார்த்து பிரைமர் அடிச்சாச்சு. கலர் கோட் மட்டும் பாக்கி. பெயிண்டர் பாய்க்கு நாற்பது வயசு இருக்கும். ராத்திரி இருமல். "தூசி சார், சரியாயிடும்"னார். பீடி, சிகரெட் கிடையாது. ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "கடை லீவு விட்டா எப்படி இருக்கு பாய்?"

"ரம்ஜானுக்கு ஊருக்குப் போனேன். ஒரு வாரம் இருமலே இல்ல சார்."

அந்தப் பதில்லயே பாதி நோய் தெரிஞ்சிடுச்சு. மூச்சுப் பரிசோதனை மீதியைச் சொல்லிடுச்சு. வேலையால் வரும் ஆஸ்துமா.

இப்போ கார்களுக்கு அடிக்கிற டூ-கே பெயிண்ட்ல ஹார்டனர்னு ஒண்ணு கலப்பாங்க. அதுல ஐசோசயனேட் இருக்கு. போபால்ல 1984ல் கசிஞ்ச வாயுவுக்கு இது தூரத்துச் சொந்தம். அந்த அளவு கொடூரம் இல்லதான். ஆனா ஸ்பிரே பண்ணும்போது நுண்ணிய துளியா மூச்சுக்குள்ள போய் நுரையீரலைப் பழிவாங்கும். முகத்துல கட்டுற கர்ச்சீஃப் இதுக்கு ஒண்ணுமே செய்யாது. ஒருமுறை உடம்பு இதுக்கு எதிரா திரும்பிட்டா, அப்புறம் கொஞ்சூண்டு பட்டாலும் இழுப்பு வரும். இன்ஹேலர் குடுத்துட்டு "மாஸ்க் போட்டு அடிங்க"ன்னு அனுப்பினா அது வைத்தியம் ஆகாது. ஸ்பிரே வேலையை விட்டே விலகணும்.

ஸ்பிரே கன்னைக் கீழ வைங்கன்னு சொல்றது எனக்கு ஒரு வரி. அவருக்கு அது ரெண்டு பொண்ணுங்க படிப்பு. கோபப்பட்டார். மூணு மாசம் பேசல. திரும்பி வந்தப்போ இன்ஹேலர் கையில இருந்துச்சு, "பஃப் அடிச்சா பழகிடும்னு சொல்றாங்களே சார்"ங்கிற கேள்வியும் இருந்துச்சு. பழகாதுங்க. அப்படியே தொடர்ந்தாதான் ஆபத்து.

இப்போ அவர் டிங்கரிங், பட்டி வேலை மட்டும். ஸ்பிரே பண்றது வேற கடையில. வருமானம் முன்ன மாதிரி இல்ல. இருமல் இல்ல. ஆனா அந்த ரெண்டையும் ஒரே தராசுல வைக்க எனக்கு மனசு வரல.

என் கார் ரெண்டு வருஷமா சாம்பல் கலர் பிரைமர்லயே ஓடுது. "எப்ப சார் பெயிண்ட்?"னு பெட்ரோல் பங்க்ல கூட கேட்கிறாங்க. ஹார்டனர் இல்லாத பழைய என்.சி. பெயிண்ட் அடிக்கலாம்னு இருக்கேன். தின்னர் நெடி அதுலயும் உண்டு, அதனால திறந்த இடம், சரியான மாஸ்க் போடுற ஆளாத் தேடிட்டு இருக்கேன்.

இன்னொண்ணு. பழைய வண்டிகளோட பிரேக் ஷூவுல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைக் கழட்டினதும் ஏர் பிடிச்சு ஊதுற பழக்கம் எல்லா ஷெட்லயும் இருக்கு. ஊத விடாதீங்க. ஈரத்துணியால துடைக்கச் சொல்லுங்க. அந்தத் தூசி கொண்டு வர்ற நோய் இருபது, முப்பது வருஷம் கழிச்சுத்தான் கதவைத் தட்டும்.

பெயிண்டரோ மெக்கானிக்கோ உங்க வீட்ல இருந்தா, லீவு நாள்ல இருமல் குறையுதான்னு கேளுங்க. குறையுதுன்னா அரசு மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போங்க. என்ன வேலை பார்க்கிறார்னு டாக்டர் கேட்கலைன்னா நீங்களே சொல்லுங்க.