கண்மதிப்பும் தராசும்

எம்.ரெட்டியபட்டியில் ஞாயிற்றுக்கிழமை நல்ல கறி வேண்டுமானால் விடியுமுன்னே எழுந்துகொள்ள வேண்டும். வெயில் ஏறிப் போனால் எலும்பும் கொழுப்பும்தான் கிடைக்கும். நான் போயிருந்த வீட்டில் கடை என்று தனியாக எதுவும் இல்லை. வேப்பமரக் கிளையில் ஒரு கொக்கி, அடியில் புளியங்கட்டை, பக்கத்தில் மின்னணுத் தராசு. பத்தடி தள்ளி ஆட்டுப்பட்டி. வருகிறவர்கள் பட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கட்டைப் பக்கம் வருகிறார்கள்.

மூன்று தலைமுறையாக ஆடு வைத்திருக்கும் குடும்பம். தாத்தா காலத்தில் செம்மறிக் கிடை. கம்பும் பருத்தியும் எடுத்த கரிசல் காட்டில் ராத்திரி ஆடுகளை மறித்துப் போட்டால், புழுக்கைக்கும் மூத்திரத்துக்கும் ஈடாக நிலக்காரர் தானியம் அளப்பார். எருவே வருமானமாக இருந்த காலம் அது. யூரியா மூட்டை வந்ததும் கிடைக்கு மவுசு குறைந்தது. அப்பா ஆட்டை உயிரோடு விற்க எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தைக்கு நடையாய் நடந்தார்.

இப்போது அவர் திண்ணையில் உட்கார்ந்து கடையை மேற்பார்க்கிறார். சந்தைப் பேச்சை எடுத்தாலே குரல் ஏறுகிறது. "கண்ணால பாத்து வெல சொல்றவன்ட்ட நாம ஜெயிக்க முடியாது தம்பி. அவன் தெனமும் ஆடு தூக்கிப் பாக்கிறவன். நாம வருசத்துக்கு நாலு தடவ விக்கிறவன்." முதுகெலும்பை அழுத்திப் பார்ப்பது, பின்னங்காலைத் தூக்கிப் பார்ப்பது, துண்டுக்குள் விரல் பிடித்து விலை முடிப்பது, அவ்வளவுதான் சந்தைக் கணக்கு. உயிர் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் கறி விழும். 25 கிலோ கிடாயை 22 என்று மதித்துவிட்டால், போன கறி வளர்த்தவனுடையது. மகன் கத்தியைக் கையில் எடுத்ததற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

மகன் அருப்புக்கோட்டையில் ஒரு கறிக்கடையில் வேலை பார்த்துத் தொழில் பழகியவர். அன்று அறுத்தது கன்னி ஆட்டுக் கிடாய். கறுப்பு உடம்பு, முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடு. பால்கன்னி என்பார்கள். கோடு செம்பழுப்பாக இருந்தால் செங்கன்னி. தொங்கவிட்டதும் மார்பிலும் தொடையிலும் கத்தியால் கோடு கீறினார். அதற்குப் பிறகு கத்திக்கு வேலையே இல்லை. முஷ்டியைத் தோலுக்கும் சதைக்கும் நடுவே விட்டு இறக்கிக்கொண்டே போனார். கத்தி பட்ட தோல் விலை போகாது என்று பழகிய கை. இப்போது தோல்காரர் கொடுப்பது டீக்காசு. கை மட்டும் பழக்கத்தை விடவில்லை.

கொல்லைப்புறத்தில் மகனின் மனைவியும் அம்மாவும் பனைமட்டைத் தீயில் தலையையும் காலையும் வாட்டிக்கொண்டிருந்தார்கள். குடலைப் புரட்டி அலசுவதும், இரைப்பையை வெந்நீரில் முக்கிச் சுரண்டுவதும் அவர்கள் பாடுதான். தலை, கால், குடலில் வரும் காசுதான் நிற்கிற லாபம் என்கிறார் மகன். அந்த லாபத்தை உண்டாக்கும் இரண்டு பேருக்கும் கணக்கில் கூலி கிடையாது. இது சரியில்லை என்றே நினைக்கிறேன், அவரிடமும் சொன்னேன்.

தீபாவளிக்கு மட்டும் தராசு ஓய்வெடுக்கும். முன்கூட்டியே பணம் கட்டியவர்களுக்குக் கூறு. ஈரலில் ஒரு துண்டு, குடலில் கொஞ்சம், எலும்பும் சதையும் கலந்து வாழையிலையில் வரிசையாகப் பரப்பி வைப்பார்கள். சுவரொட்டி என்கிற மண்ணீரல் மட்டும் கூறில் சேராது. அது பிள்ளை பெற்ற வீட்டுக்கு.

தீவனம்தான் பெரும்பாடு. 2011-ல் அரசு ஏழைக் குடும்பப் பெண்களுக்கு நான்கு ஆடுகள் வீதம் கொடுக்கத் தொடங்கியது. மேய்ச்சல் நிலத்தை யாரும் கொடுக்கவில்லை. பக்கத்துக் கமுதி வட்டாரத்தில் 2016-ல் வந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் மட்டும் சுமார் 2,500 ஏக்கர். ஊரே திட்டுகிற சீமைக்கருவேலத்தின் நெற்றுத்தான் கோடையில் ஆட்டைக் காப்பாற்றுகிறது. 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவுப்படி அதை அகற்றத் தொடங்கினார்கள். "மரம் போனாப் போகட்டும், நெத்துக்கு எங்க போறது?" என்கிறார் பெரியவர்.

ஆடு வளர்க்கிற எல்லோரும் கறிக்கடை போட முடியாது. பெரும்பாலோர் சந்தைக்குத்தான் ஓட்டிப்போக வேண்டும். பருத்தியையும் மிளகாய் வற்றலையும் எடை போட்டு வாங்கும் மாவட்டத்தில் ஆட்டை மட்டும் ஏன் இன்னும் கண்ணால் அளக்க வேண்டும்? ஆட்டுச் சந்தை நடத்தும் உள்ளாட்சிகள் நுழைவாயிலில் ஓர் எடைமேடை வைத்து, ஆடு கொண்டுவருகிறவர் கையில் எடைச் சீட்டைக் கொடுக்கட்டும். விலையை அவர் பேசிக்கொள்வார்.