காய்ச்சலும் பாய்ச்சலும்

நான் ஒன்பதாம் வகுப்பிற் பயின்றுகொண்டிருந்தபோது, 1500 மீட்டர் ஓட்டத்தில் எங்கள் பள்ளியில் என்னை முந்துவார் எவரும் இலர். மாவட்டப் போட்டிக்கு ஆறு வாரங்களே இருந்தன. வெற்றி வேட்கை என் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. ஆசிரியர் வகுத்துத் தந்த மாலைப் பயிற்சி போதாது என்று எண்ணினேன். ஒருவரும் அறியாமல் விடியற்காலையிலும் ஏரிக்கரையில் ஓடத் தொடங்கினேன். வாரத்தில் ஏழு நாளும் ஓடினேன். மிகுதியாக ஓடுபவனே வெல்வான் என்பது என் கணக்கு.

முதல் இரு வாரங்களில் கால்கள் காற்றாய்ப் பறந்தன. மூன்றாம் வாரத்தில் அவை இரும்பாய்க் கனத்தன. இரவில் உறக்கம் வரவில்லை. பகலில் வகுப்பிற் கண்கள் சொருகின. உணவு கசந்தது. அன்னையிடம் காரணமின்றிச் சினந்தேன். கணைக்கால் எலும்பில் வலி எழுந்தது, அதனை மறைத்தேன். வேகமோ நாளுக்கு நாள் குறைந்தது. அது குறையக் குறைய நான் இன்னும் மிகுதியாக ஓடினேன்!

ஒருநாள் மாலை, ஓட்டத்தின் நடுவே வலி தாளாமல் தரையில் அமர்ந்துவிட்டேன். உடற்பயிற்சி ஆசிரியர் அருகில் வந்தார். “உண்மையைச் சொல், தம்பி” என்றார். அனைத்தையும் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “உன் தந்தையார் நெல்வயலுக்கு எவ்வாறு நீர் பாய்ச்சுகிறார்?” என்று வினவினார்.

“காய்ச்சலும் பாய்ச்சலுமாகப் பாய்ச்சுவார், ஐயா. ஒருமுறை கட்டிய நீர் வடிந்து, மண் சற்றுக் காய்ந்த பின்னரே மறுமுறை மடை திறப்பார்.”

“உடலுக்கும் அதுவே முறை. கடுமையாக ஓடும்போது தசைகளில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. அவற்றிற் சேமித்து வைத்த எரிபொருளும் செலவாகின்றது. உணவும் உறக்கமும் ஓய்வும் கிடைக்கும்போதுதான் உடல் தன்னைச் செப்பனிட்டுக்கொண்டு முன்னினும் வலிமை பெறுகிறது. நீயோ வளரும் பருவத்தினன்; உன் எலும்புகள் இன்னும் முதிரவில்லை. நீ பாய்ச்சலை மட்டும் செய்தாய், காய்ச்சலை மறந்தாய்” என்றார்.

பின்னர் அவர் ரோஜர் பானிஸ்டரின் கதையைக் கூறினார். ஒரு மைல் தொலைவை நான்கு நிமிடத்திற்குள் ஓடுவது அரிது என்று பலரும் கருதிய காலம் அது. இலண்டனில் மருத்துவம் பயின்ற அவ்விளைஞர், 1954ஆம் ஆண்டில், கால் மைல் ஓட்டத்தை இடையிடையே இளைப்பாறிப் பத்து முறை ஓடிப் பழகிவந்தார். எவ்வளவு முயன்றும் 61 நொடிக்குக் கீழே இறங்க இயலவில்லை. உடனே அவர் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, நண்பருடன் ஸ்காட்லாந்து மலைகளில் ஏறித் திரியச் சென்றார். சில நாள் கழித்துத் திரும்பி வந்து ஓடியபோது, 59 நொடியில் ஓட முடிந்தது. அவ்வாண்டு மே மாதம் 6ஆம் நாள், ஆக்ஸ்போர்டில், 3 நிமிடம் 59.4 நொடியில் ஒரு மைலை ஓடி உலகை வியக்க வைத்தார்.

ஆசிரியர் எனக்கு ஒரு குறிப்பேடு தந்தார். கடும்பயிற்சிக்கு மறுநாள் எளிய பயிற்சி. வாரத்தில் ஒருநாள் முழு ஓய்வு. இரவில் 8 மணி நேரத்திற்குக் குறையாத உறக்கம். காலையில் எழுந்தவுடன் நாடித்துடிப்பை எண்ணி எழுதவேண்டும். அது சில நாள் தொடர்ந்து வழக்கத்தினும் மிகுந்திருந்தால், உடல் தேறவில்லை என்று கருதிப் பயிற்சியைக் குறைக்கவேண்டும். வலி தோன்றினால் அன்றே சொல்லவேண்டும்.

அவ்வாண்டுப் போட்டியில் நான் ஓடவில்லை. கால் தேறப் பல வாரங்கள் ஆயின. திடலின் ஓரத்தில் நின்று, பிறர் ஓடுவதைக் கண்கலங்கப் பார்த்தேன். மறு ஆண்டில் ஓடினேன், மூன்றாவதாக வந்தேன். ஆயினும், வலியின்றி ஓடி முடித்த அந்த ஓட்டத்தைப்போல் மகிழ்ச்சி தந்தது வேறொன்றும் இல்லை.

இளைஞர்களே! உழைக்க அஞ்சாதீர்கள், உரிய வேளையில் ஓய்வுகொள்ளவும் நாணாதீர்கள். மடை திறக்கத் தெரிந்த உழவனுக்கு அதனை அடைக்கவும் தெரியும்.